மாமனார் குளிக்கிறார்

"நான் குளிக்கப் போறேன்" என்று மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தபோதுதான் டிரைவிங் மாஸ்டர் அந்தக் குளியலறையை ஒழுங்காகப் பார்த்தார். அதற்கு அறைப் பக்கம் சுவர் இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. அதுவும் பளிச்சென்று துடைத்து வைத்த கண்ணாடி. கட்டிலில் படுத்தபடியே உள்ளே இருக்கும் ஷாம்பு பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம்.

மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் பழகிய கால் அது. ஆபத்து வந்தால் அவரைவிட அதற்குத்தான் முதலில் தெரியும்.

"ஏங்க" என்றாள் மனைவி மெதுவாக. "கண்ணாடிங்க."

"பார்த்தேன்."

"உள்ள போறது அப்பாங்க."

"அதையும் பார்க்கறதுக்குள்ள வெளிய போயிடலாம், வா."

இந்த ஹோட்டலைத் தேடிப் பிடித்தவர் மாஸ்டர்தான். தீவிலேயே வாடகை குறைவு. கட்டடம் புதுசு. வரவேற்பறையில் ஆரஞ்சு நிற நாற்காலிகள், சாவிக்குப் பதில் அட்டை, ஜன்னலைத் திறந்தால் தென்னை மரத்துக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். போட்டோவில் இந்தக் கண்ணாடியும் இருந்தது. ஆனால் போட்டோவில் யாரும் குளித்துக்கொண்டிருக்கவில்லை.

அவர் தீவுக்கு வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. மனைவியோடு தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ். அவள் வீட்டுக்கு வரும் நேரத்தில்தான் இவர் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களை அழைத்துக்கொண்டு ரோட்டுக்குக் கிளம்புவார். வாசலில் ஒருவரை ஒருவர் பார்ப்பதோடு சரி. "பால் காய்ச்சியாச்சு", "கேஸ் தீரப் போகுது" என்பதுதான் அவர்களுடைய காதல் வசனம். போன மாதம் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாம புருஷன் பொண்டாட்டியே இல்லங்க. ஒரே வீட்ல ரெண்டு ஷிப்ட்" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே மாஸ்டர் டிக்கெட் போட்டுவிட்டார்.

மாமனார் அவர்களோடுதான் இருக்கிறார். ஜெயிலராக இருந்து ரிட்டையர் ஆனவர். "நான் எதுக்கு நடுவுல? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முட்டி ஆபரேஷன் ஆனவரைத் தனியாக எப்படி விடுவது என்று மகள் கண்ணைக் கசக்கினாள். டிக்கெட் மூன்றாயிற்று. ராத்திரி முட்டி வலித்தால் யார் பார்ப்பது என்றாள். ரூம் ஒன்றாயிற்று. மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. மாமனார் என்றால் அவருக்கு இன்னமும் கல்யாணத்தன்று இருந்த அதே பயம்.

இப்போது இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஓடும்போது, வாசலை ஒட்டிச் சுவரில் செருகியிருந்த அட்டையை மாஸ்டர் உருவிக்கொண்டார். வண்டியை விட்டு இறங்கினால் சாவியைக் கையில் எடு என்று ஊருக்கே பாடம் எடுத்த கை, சும்மா இருக்குமா?

அட்டையை எடுத்தால் ரூமில் கரண்ட் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் தெரிந்துகொண்டார்.

"எவன்டா மெயினை ஆஃப் பண்ணினது?"

ஒரு காலத்தில் ஒரு சிறைச்சாலையையே அடக்கி வைத்த குரல். எதிர் ரூம்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாத்திக்கொண்டார்.

"போய் அட்டையைச் செருகுங்க" என்றாள் மனைவி.

"நான் எப்படி உள்ள போறது? கரண்ட் வந்தா லைட் எரியும்."

"கண்ண மூடிக்கிட்டுப் போங்க."

மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே போனார். சுவரைத் தடவினார். அட்டையை ஜன்னல் இடுக்கில் செருகப் பார்த்தார். அலமாரியில் செருகப் பார்த்தார். கடைசியில் சரியான இடத்தில் செருகிவிட்டு, கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டு, வந்த வேகத்தில் வெளியே பாய்ந்தார். பின்னால் கதவு 'டிக்' என்று தானாகப் பூட்டிக்கொண்டது. அட்டை உள்ளே. செருப்பு உள்ளே. மனைவி கையில் போன் இல்லை. மாஸ்டர் பனியனோடு நின்றார்.

தட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் சத்தத்தில் யாருக்குக் காது கேட்கப் போகிறது? வராந்தாவின் கோடியில் குளிர்பான மெஷின் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் பனியனைப் பார்த்தார்கள்.

"அலமாரில போய் அட்டையைச் செருகினீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். உங்களை மட்டும்தான்" என்று சொல்லி அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். மாஸ்டர் கோபமாகத்தான் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மாமனார் தலையை நீட்டினார். "எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியோடு நேராகக் கீழே போனார். வரவேற்பில் இருந்த பெண் புன்னகையோடு, "என்ன பிரச்சனை சார்?" என்றாள். அங்கேதான் வம்பு. மாமனார் குளிப்பது எங்களுக்குத் தெரிகிறது என்று ஒரு பெண் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஆரஞ்சு நாற்காலியைப் பார்த்தாள்.

"ரூம் மாத்திக் குடுக்க முடியுமா?"

"எல்லா ரூமும் ஃபுல் சார். இதுல என்ன குறை?"

"குறைன்னு இல்ல. எல்லாம் கொஞ்சம்... ரொம்ப நல்லாத் தெரியுது."

"வெளிச்சம் அதிகமா இருக்கா?"

"ஆங், அப்படியும் சொல்லலாம்."

அந்தப் பெண் மேஜை இழுப்பறையைத் திறந்து, தூங்கும்போது கண்ணில் மாட்டிக்கொள்ளும் கறுப்புத் துணிப் பட்டைகள் மூன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அவர்கள் மேலே வந்தபோது ரூம் சுத்தம் செய்கிற பெண் துண்டுகளை மாற்றி வைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து டிவி ரிமோட், ஏசி ரிமோட், இன்னொரு குட்டி ரிமோட் எல்லாவற்றையும் வரிசையாகத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இதெல்லாம் என் பொறுப்பு மாப்பிள்ளை. ஆளாளுக்கு எதையாவது ஆஃப் பண்ணிடறீங்க."

ஜெயிலில் சாவிக்கொத்து இருந்த இடுப்பு அது, வெறுமனே எப்படி இருக்கும் என்று மாஸ்டர் விட்டுவிட்டார்.

சாயங்காலம் மாமனார் மறுபடியும் துண்டை எடுத்தார்.

"இப்பத்தானேப்பா குளிச்சீங்க?" என்றாள் மகள்.

"தீவும்மா. உப்புக் காத்து பிசுபிசுங்குது."

மாஸ்டர் பட்டைகளை எடுத்தார். இருவரும் கண்ணில் மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தமே காணோம். திடீரென்று மாமனாரின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"என்னோட சர்வீஸ்ல கூட நான் இப்படி ரெண்டு பேரை உக்கார வெச்சதில்லை மாப்பிள்ளை. எழுந்து காலாற நடந்துட்டு வாங்க. நீங்க இப்படி இருந்தா எனக்குத் தண்ணி ஊத்திக்கவே கை வர மாட்டேங்குது."

ஆக, அன்று சாயங்காலமும் வெளியேதான். கடற்கரையில் மாஸ்டர் புலம்பிக்கொண்டே நடந்தார். "வீட்ல அஞ்சு நிமிஷத்துல குளிச்சிட்டு வர்ற மனுஷன். இங்க வந்து என்ன வந்துச்சு?" மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். புலம்பலின் மும்முரத்தில் மாஸ்டர் அந்தக் கையைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஒரு முடிவோடு எழுந்தார். போர்வையைக் கண்ணாடிக்கு முன்னால் திரையாகக் கட்டிவிட்டால் தீர்ந்தது கதை. யாரும் எங்கேயும் ஓட வேண்டாம். ஒரு முனையை அலமாரிக் கதவில் கட்டினார். இன்னொரு முனைக்கு இடம் தேடினார். கூரையில் சின்னதாக ஒரு பித்தளைக் குமிழ் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி மேல் ஏறி அதில் முடிச்சுப் போட்டார்.

மாமனார் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். "தொய்வா இருக்கே மாப்பிள்ளை."

"இறுக்கிடறேன் மாமா."

"இன்னும் கொஞ்சம் இழுங்க. தயங்காதீங்க." சொல்லிவிட்டு மாமனார் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாஸ்டர் இழுத்தார். குமிழ் கையோடு வந்துவிட்டது. அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் கொட்டுவதற்காக வைத்த குமிழ் அது. மாஸ்டரின் வலது கால் நாற்காலியில் முழு பிரேக் போட்டது. தண்ணீர் நிற்கவில்லை. கட்டில், தலையணை, பெட்டி, மனைவி, மாஸ்டர் என்று ஒன்று பாக்கியில்லாமல் நனைத்தது. எங்கேயோ மணி அடித்தது. மேனேஜரும் ஆட்களும் ஓடி வந்து தண்ணீரை நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியதும் குளியலறைக் கதவு திறந்து, சட்டைப் பித்தான்கூடக் கழற்றாமல் மாமனார் வெளியே வந்தார். மூன்று பேரில் துளி நனையாதவர், குளிக்கப் போனவர் மட்டும்தான்.

"போர்வையை ஏன் சார் அதுல கட்டினீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

மாஸ்டர் மாமனாரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். "காயப் போட்டேன்" என்றார்.

"எது, காஞ்ச போர்வையையா?"

மாஸ்டர் போர்வையைப் பிழிய ஆரம்பித்தார்.

"ரூம் காயறதுக்குச் சாயங்காலம் ஆகும்" என்றார் மேனேஜர்.

"நான் இங்கயே இருந்து வேலையை வாங்கிக்கறேன். நீங்க கிளம்புங்க" என்று மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். துடைக்க வந்தவர்கள் தாமாகவே வரிசையில் நின்றார்கள்.

நனைந்த துணியோடு இருவரும் கடற்கரையில் வெயில் காய்ந்தார்கள். ஐஸ்க்ரீம் வாங்கி, அது உருகி முழங்கை வரை வழிய வழியச் சாப்பிட்டார்கள். அங்கேதான் அவள் சொன்னாள். பகல் டூட்டிக்கு ஆள் கேட்கிறார்களாம். எழுதிக் கொடுக்கலாமா என்று ரொம்ப நாளாக யோசனையாம்.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?"

"எப்ப சொல்றது? நீங்க வண்டி சாவியைத் தேடும்போதா?"

மாஸ்டர் முழங்கையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "விடியக்காலை பேட்ச்ச நான் விட்டுடறேன். பாதி பேர் வர்றதே இல்ல, வர்றவங்களும் தூக்கத்துலதான் ஓட்டறாங்க" என்றார். அவள் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் மாஸ்டர் சரணாகதி. மாமனார் துண்டை எடுத்தால் இவர்கள் செருப்பை மாட்டுவார்கள். காலையில் ஒரு குளியல், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொன்றும் சாவகாசமான குளியல். இவர்கள் தீவின் சந்து பொந்தெல்லாம் நடந்தார்கள். படகுத்துறையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். ஒரு நாள் மழையில் மாட்டிக்கொண்டு மூடிய கடை வாசலில் ஒண்டி நின்றார்கள். கல்யாணமான புதிதில் பாடிய பாட்டொன்றை அவர் தப்புத் தப்பாகப் பாட, அவள் அடிக்கு அடி திருத்தினாள்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள் அவள் அப்போது. "அப்பா துண்டு நனையறதே இல்ல."

"ஏசி ரூம்ல உடனே காஞ்சிடும்" என்றார் வண்டியைத் தவிர வேறெதுவும் தெரியாத மாஸ்டர்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. மனைவியும் மாமனாரும் கீழே டாக்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மறந்தது ஏதாவது உண்டா என்று மாஸ்டர் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூம் சுத்தம் செய்கிற பெண் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஹோட்டல் கட்டினீங்கம்மா" என்றார் அவளிடம். "இந்தக் கண்ணாடியால பொண்டாட்டியோட நிம்மதியா ரூம்ல உக்காந்து ரெண்டு வார்த்தை பேச முடியல. பாதி நாள் தெருவுலதான் இருந்தோம்."

அவள் மாமனாரின் தலையணையைத் தூக்கினாள். அடியில் மூன்று ரிமோட்டுகளும் வரிசையாக இருந்தன. குட்டி ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். கூரையின் இடுக்கிலிருந்து வெள்ளைத் திரை ஒன்று சத்தமில்லாமல் இறங்கி வந்து, கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூடியது. உள்ளே ஒரு சோப்புகூடத் தெரியவில்லை.

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. "இது... இது இருக்குன்னு மாமாவுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே இறக்கிக் காட்டினேன் சார். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. அப்புறம் நான் துண்டு வைக்க வரும்போதெல்லாம் கட்டில்ல சாஞ்சு டிவிதான் பாத்துட்டிருப்பாரு" என்றாள் அவள், தலையணை உறையை உதறிக்கொண்டே. "ஏன் பெரியவரேன்னு கேட்டதுக்கு, 'ஜெயில்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதாம்மா, ஒரே அறையில இருக்கிறவங்களைத் தினம் மூணு வேளை வெளிய விட்டாத்தான் ஒருத்தரோட ஒருத்தர் பேசுவாங்க'ன்னாரு."