கழிவு மட்டும் வெளியேறும் வாசல்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மெய்த்தன்மை அலுவலகம் உண்டு. நீங்கள் கொண்டுபோகும் சாதிச் சான்று, சாதிச் சான்றுதான் என்று இன்னொரு சான்று கொடுப்பது அதன் திருப்பணி. அதிகாரி மாதவன் போன மாதம் கன்டோன்மென்ட் ஓட்டல் ஒன்றில் பயிற்சிக்குப் போய் வந்தார். ‘உயிருள்ள செல்லைப் போல நிர்வாகம்’ என்பது தலைப்பு. மத்தியானம் காளான் பிரியாணி. திரும்பி வந்த அன்றே தம் அறை வாசலில் ‘உட்கரு’ என்று பலகை மாட்டினார். காவலர் அழகிரியின் கழுத்தில் ‘செல் சவ்வு’ என்று அட்டை தொங்கியது.

பச்சைமலையிலிருந்து மகளோடு முதல் பஸ்ஸில் இறங்கி வந்த இருசம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. மகள் தேவதர்ஷினிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் மெய்த்தன்மைச் சான்றைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். வழியெல்லாம் மலைச்சாமியையும் ரெங்கநாதரையும் மாறி மாறி வேண்டிக்கொண்டே வந்தாள்.

“உள்ள போகலாங்களா?”

“சின்னப் பொருள் தானா உள்ள போகும்,” என்று ஒப்பித்தார் அழகிரி. “பெரிய பொருளுக்குக் கடத்தி வேணும். நீங்க ரெண்டு பேரு, ஒரு பை. பெரிய பொருள்தான்.”

“கடத்தின்னா யாருங்க?”

அழகிரி வேப்பமரத்தடியைக் காட்டினார். புரோக்கர் ரெங்கராஜ் வருஷக்கணக்காக நிற்கும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். இப்போது அவர் கழுத்திலும் ‘கடத்தி’ என்று ஒரு அட்டை.

“கூட்டத்தை எதிர்த்து உள்ள போகணும்னா சக்தி செலவாகும்மா,” என்றார் அவர் பணிவாக. “எனக்காகச் சொல்லல. இயற்கையே அப்படித்தான்.”

இருசம்மாள் பையிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து நீட்டினாள். ரெங்கராஜ் தின்று பார்த்து, சக்தி இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

மாதவன் கெட்டவர் அல்ல. காகிதத்தைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். இருசம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் நீட்டினாள்.

“இது வெளிய போகாதும்மா.”

“ஏங்கய்யா?”

“செல்லிலிருந்து வெளிய போறது கழிவு மட்டும். பயிற்சியில தெளிவா சொல்லிட்டாங்க. சான்று நல்ல பொருள். அது உள்ளதான் இருக்கணும்.”

அவர் முதுகுக்குப் பின்னால் கையெழுத்தான சான்றுகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

தேவதர்ஷினிக்குப் பொறுக்கவில்லை. “சார், செல் நல்லதையும் வெளிய அனுப்பும் சார். பிளஸ் டூ பாடத்துலயே இருக்கு. தாய்ப்பால்கூட செல்லுலேர்ந்துதானே வருது? அது கழிவா?”

மாதவன் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். “தாய்ப்பால் வேற துறைம்மா.”

மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த இருசம்மாள் அங்கே நின்றிருந்தாள். சுவரில் கடிகாரம் மூன்றைத் தாண்டிவிட்டது. மெதுவாகத்தான் கேட்டாள்:

“ஐயா, அதையும் கழிவுன்னு ஆக்கிட்டா?”

உட்கருவின் முகம் மலர்ந்தது. இப்படி விதியைப் புரிந்துகொண்ட மனுதாரரை அவர் பார்த்ததேயில்லை. சான்றைக் கசக்கினார், குப்பைக்கூடையில் போட்டார். அழகிரி கூடையை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலில் கொட்டினார். டீக்கப்புக்கும் பழத்தோலுக்கும் நடுவிலிருந்து சான்றைப் பொறுக்கி, முழங்காலில் வைத்து நீவி, தாயும் மகளும் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். இடம் கிடைத்தது.

மறு வருஷம் சின்ன மகளுக்காக இருசம்மாள் மறுபடி வந்தாள். பின்வாசலில், குப்பைமேட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. முசிறியிலிருந்து வந்த ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். “என்னங்க இது அநியாயம்? சான்றைக் குப்பையில பொறுக்கணுமா?”

“சத்தம் போடாம வரிசையில நில்லுங்கண்ணே,” என்றாள் இருசம்மாள். “முன்ன வெளியவே வராது. இப்ப எவ்வளவோ தேவல.”

கிழங்குப் பொட்டலத்தை ரெங்கராஜிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். மாதவன் கையெழுத்துப் போட்டு, சான்றைக் கசக்கி, கூடைப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“ஐயா, ஐயா,” என்று பதறினாள். “இன்னும் கொஞ்சம் நல்லாக் கசக்குங்க. போன வாரம் எங்க ஊர்ப் பிள்ளைகிட்ட, சரியாவே கசங்கலியே, போலியான்னு காலேஜ்ல கேட்டுட்டாங்க.”