நாலாம் நம்பர் தகடு பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், என்னுடைய வலது கால் செருப்பு ஒன்று நீங்கலாக. அது எப்படிப் போனது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிற எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு "சரிங்க மாப்பிள்ளை" என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வாரம்கூட நாலாம் நம்பர் தகட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் முந்திக்கொண்டு, நாலாம் நம்பரையே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன் மாமா என்றீர்கள். சரிங்க மாப்பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உங்கள் அத்தை, சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். சரின்னு சொல்லிட்டேன் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு பேனாவையும் தாளையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்க் முகப்பில் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸ் வெளுத்துப்போய், பங்க் மூடிக்கிடக்கிறது என்று நினைத்து வண்டியெல்லாம் எதிர் பங்க்குக்குப் போகிறது என்று பாப்பா ரொம்ப வருத்தப்பட்டாள். கம்பெனிக்காரர்கள் புது நிறமும் புது எழுத்தும் கொடுத்து, பத்து வருஷத்துக்கு நிறம் போகக்கூடாது, வெயில் மழைக்கு நிற்கவேண்டும், எதில் செய்வதென்பது உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். தகடு வெட்டிக் கட்டிக்கொடுக்கிற பட்டறைக்காரர் எங்களுக்கு அடுத்த தெரு என்பதால், "மாமா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, அஞ்சு சாம்பிளையும் ஒரு பார்வை பார்த்துடுங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். பஸ் டிப்போ ஸ்டோரில் இருந்த காலம் முழுக்க ஒரு நட்டைக்கூடக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனில்லை நான். நீங்கள் ஒரு பார்வை என்று சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். பார்ப்பது மட்டும்தான் என் வேலை, முடிவு உங்களுடையது.

அஞ்சு சாம்பிளையும் மேற்கு வெயில் விழுகிற வாசல் சுவரில் வரிசையாக மாட்டினேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. பட்டறைக்காரர் சாம்பிளையும் கம்பெனி நிறத்திலேயே, சிவப்பும் மஞ்சளுமாகக் கொடுத்திருந்தார். மாட்டிவிட்டு உள்ளே போய்க் கைகழுவி வருவதற்குள் ஒருவர் ஸ்கூட்டரை வாசல்வரை கொண்டுவந்து, டாங்கி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். இது வீடுங்க என்றேன். அப்ப பங்க் எப்போ திறப்பீங்க என்றார். அதற்குப் பிறகு ஆள் வராத நாள் இல்லை. ஒருத்தர் கேனோடு வந்தார். ஒருத்தர் காற்று அடிக்கணும் என்று வந்தார். உங்கள் அத்தை பாவம் பார்த்து நம் சைக்கிள் பம்பை எடுத்துக் கொடுக்க, அவர் போய் நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டார். மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் இறங்கி வந்து, குடியிருக்கத்தான் வீடு விட்டேன், வியாபாரம் பண்ண இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சார், இது வெறும் சாம்பிள் என்றேன். சாம்பிளுக்கே இவ்வளவு கூட்டமா என்று கேட்டுவிட்டு மேலே போனார். மறுநாள் காலையில் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று, சும்மா கேக்கறேன், ஒரு லிட்டர் கிடைக்குமா என்றார்.

இருந்தாலும் சோதனையை நான் விடவில்லை. ஒன்றாம் நம்பர் ஃப்ளெக்ஸ். காற்றடிக்கும்போதெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு நாள் மூலை பிய்ந்து தொங்கியது, வீட்டுக்காரருடைய நாய் அதைக் கவ்விக்கொண்டு போய் மாடியில் போட்டு அதன் மேல் படுத்துவிட்டது. திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாம் நம்பர் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு. மதியம் சூடு ஏறினால் டங் என்று ஒரு சத்தம், சாயங்காலம் சூடு இறங்கினால் இன்னொரு டங். முதலில் உங்கள் அத்தை ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து யாருங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் சாயங்கால டங் கேட்டதும் காபிக்குத் தண்ணீர் வைக்கப் பழகிக்கொண்டாள். ஒரு மழை பெய்தது, வெட்டின விளிம்பிலிருந்து துரு ஒழுகிச் சுவரில் மீசை வரைந்துவிட்டது. மூணாம் நம்பர் அக்ரிலிக். பளபளப்பில் அதை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஏணியை லேசாகச் சாய்த்தேன், குறுக்கே கீறல் விட்டது. லேசாத்தான் சாய்ச்சேன்னு நான் சொல்றேன், உங்க அத்தை வேற மாதிரி சொல்றா. பங்க் என்றால் எண்ணெய் படாமல் இருக்குமா என்று, டீசல் நனைத்த துணியால் எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். தகட்டில் நிறம் போகவில்லை, என் மேல் நாற்றமும் போகவில்லை. ரெண்டு நாள் எனக்கு வாசல்லதான் சாப்பாடு. தட்டைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒருத்தர் வந்து நின்னு, சாப்பிட்டுட்டு வாங்க சார், நான் இருக்கேன் அப்படிங்கறார்.

மிச்சம் நாலும் அஞ்சும். ரெண்டுமே அலுமினியம்தான், மெல்லிசாக ரெண்டு தகடு, நடுவில் ஏதோ வைத்து அடைத்திருக்கிறது. வெயிலில் வெளுக்கவில்லை, மழையில் உப்பவில்லை, ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே எது எது என்று தெரியாது. நாலாம் நம்பர் உங்கள் அண்ணார் கடைச் சரக்கு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தங்கமான மனுஷர். கல்யாணத்தன்று நாற்காலி பத்தாமல் நான் முழித்துக்கொண்டு நின்றபோது, மாப்பிள்ளைக்கு அண்ணன் என்கிற மிடுக்கு கொஞ்சமும் இல்லாமல் தானே போய்த் தூக்கிக்கொண்டு வந்து போட்டவர். சம்பந்தி வீட்டுச் சரக்கைச் சுவரில் மாட்டிப் பரீட்சை வைத்ததே மரியாதை இல்லை என்று எனக்கே உறுத்தலாக இருந்தது. ஆனால் டிப்போ புத்தி சும்மா இருக்கவிடுமா. பட்டறைக்காரரிடம் போய், ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு ரெண்டு நம்பர் என்று கேட்டேன். வெளியே ஒண்ணுதான் சார், நடுவுலதான் வித்தியாசம் என்று சொன்னவர், கேஸ் டார்ச்சை எடுத்துப் பற்றவைத்தார்.

முதலில் அஞ்சாம் நம்பரில் காட்டினார். மேலே கறுத்தது, நடுவில் இருந்தது கல் மாதிரி அப்படியே நின்றது. டார்ச்சை எடுத்ததும் ஒன்றுமில்லை. அடுத்தது நாலாம் நம்பர். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் இளகி, எரிந்துகொண்டே கீழே சொட்ட ஆரம்பித்தது. டார்ச்சை எடுத்த பிறகும் எரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு கிட்டத்தில் நின்றதால் ஒரு சொட்டு என் வலது செருப்பில் விழுந்து செருப்பு பற்றிக்கொண்டது. உதறிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டு எரிகிறது. பட்டறைக்காரர் மணல் வாளியைத் தூக்கி முழங்கால் வரைக்கும் என் மேல் கொட்டிவிட்டார். கால் தப்பியது. ஒற்றைச் செருப்போடும் மணலோடும் தெருவில் நடந்து வருகிறேன், எதிரே வந்த ஒருவர் நிறுத்தி, பங்க் வேலை மும்முரமா நடக்குது போலிருக்கே சார் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை, இதுவரைக்கும் எழுதினதுக்கு நீங்க சிரிச்சிருந்தா சந்தோஷம். இனிமே சிரிக்க எழுதலை. அந்தச் சொட்டு விழுந்தப்போ எனக்குக் கால் சுட்டது தெரியலை, பங்க்ல பாப்பா உக்கார்ற கண்ணாடி ரூம்தான் கண்ணு முன்னால வந்தது. அவ தலைக்கு மேல சுத்திலும் அந்தத் தகடுதான் வரப்போகுது, பத்தடி தள்ளிப் பெட்ரோல். அவ மட்டுமா, சாயங்காலம் ஆனா நீங்களும் அந்த ரூம்லதான் உக்கார்றீங்க. எனக்குப் பயமா இருக்கு. இந்த மூணு வார்த்தையைச் சொல்லத்தான் அன்னிக்குப் போன் பண்ணினேன். கம்பெனி பத்து வருஷம் நிறம் போகக்கூடாதுங்கறான். எனக்கு நிறம் நாளைக்கே போனாலும் பரவாயில்லைன்னு இருக்கு. அண்ணார் சரக்கை வேண்டாம்னு சொன்னா அவர் மனசு சங்கடப்படும், உங்களுக்கு நடுவுல இருந்து தர்மசங்கடம், பொண்ணு குடுத்த வீட்டுக்காரன் இதுல மூக்கை நுழைக்கிறானேன்னு நாலு பேர் பேசுவாங்க. எல்லாம் எனக்குப் புரியுது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று உங்கள் அத்தையும் நானும் மூன்று நாளாக யோசித்தும் வழி தெரியவில்லை. ஆகையால் நான் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டேன். நாலோ அஞ்சோ, முடிவு உங்களுடையது. நீங்கள் நன்றாக யோசித்து, அண்ணாரைக் கலந்துகொண்டு, ஒரு வார்த்தை எழுதினால் போதும். அதுவரை பட்டறையில் ஒரு தகட்டையும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் பேச்சை மீறி இந்த வீட்டில் எதுவும் நடக்காது.

வெயில் அதிகமாக இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடவும். பாப்பாவுக்கு எங்கள் இருவருடைய ஆசியும், அண்ணாருக்கு என் பணிவான வணக்கமும் சேரட்டும். உங்கள் பங்க் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரம் பார்த்துப் பட்டறைக்காரர் போனும் கையுமாக வாசலில் வந்து நின்றார். லைனில் உங்கள் அண்ணார். லாரி நிற்கிறது, நாலா அஞ்சா என்று தம்பியைக் கேட்டால் போன் எடுக்கவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். மாப்பிள்ளைகிட்ட இருந்து பதில் வரட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அஞ்சு. மாப்பிள்ளையே தீத்துச் சொல்லிட்டாரு" என்று வந்துவிட்டது. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்பாடா, நானே அதைத்தான் எடுக்கச் சொல்லணும்னு இருந்தேன், தம்பி முடிவுல தலையிட வேண்டாம்னு பேசாம இருந்துட்டேன். அஞ்சாம் நம்பரும் நம்மகிட்டதானே இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். இந்நேரம் லாரி பாதி தூரம் வந்திருக்கும். ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடவும். கோபம் இருந்தால் என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் தாங்குவேன். பாப்பாவிடம் மட்டும், அவள் உட்காருகிற இடமாயிற்றே என்று நீங்களே பார்த்துப் பார்த்து எடுத்த தகடு இது என்று சொல்லுங்கள். அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்.