மூன்று புள்ளி மன்னர்

நிறைமொழி நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. அங்கே மன்னரை வாக்களித்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடுபவர் ஒருவரே என்பதால் குழப்பமும் இல்லை.

அரசு அறிவிப்புகளைச் சந்தைச் சுவரில் எழுதுவது வழக்கம். ஒருநாள் சொற்காவல் அமைச்சர் மேடையேறினார்.

"நீண்ட அறிவிப்புகள் மக்களைக் களைப்படையச் செய்கின்றன. தேவையற்றதை நீக்கி, அந்த இடத்தில் மூன்று புள்ளி வைப்போம். நீக்கியதை நீக்கினோம் என்று சொல்லும் நேர்மை வேறெந்த அரசுக்கு உண்டு?"

கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்! மறுநாளே சுவரில், "ஏரி ... நிரம்பியிருக்கிறது" என்று எழுதியிருந்தது. ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"தண்ணி எங்கய்யா?" என்று அங்கேயே நின்று கேட்டவர்களில் கிணறு வெட்டும் நல்லபெருமாளும் ஒருவன். அன்றே சேவகர்கள் அவர்களைக் கூட்டிப்போனார்கள். சுவரில் புது வரி வந்தது: "காளியப்பன், ... , சங்கரமூர்த்தி ஆகியோர் அரசின் விருந்தினராக நலமாக உள்ளனர்."

நடுவில் இருந்த புள்ளிகள்தான் நல்லபெருமாள். அவன் மனைவி ஆவுடையம்மாள் தினமும் வந்து அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்ப்பாள். ஆள் இல்லாவிட்டாலும் ஆள் இருந்த இடம் இருக்கிறதே என்று அவளுக்கு ஓர் ஆறுதல்.

பிறகு அடுத்த சட்டம் வந்தது. சுவரில் இல்லாத பெயரை வாயாலும் சொல்லக் கூடாது. "எங்க வீட்டுக்காரர பாத்தியா?" என்று ஆவுடையம்மாள் கேட்டால், எதிர்வீட்டுப் பிச்சம்மை பதில் பேசாமல் இடுப்புக் குடத்தில் விரலால் மூன்று தட்டு தட்டுவாள். சந்தையெங்கும் அந்தத் தட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. புள்ளிகளுக்குக் கீழே யார் யாரோ பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அமைச்சருக்கு அது பிடிக்குமா?

"புள்ளிகள் மக்கள் மனத்தைப் புண்படுத்துவதாக அறிகிறோம். இனிப் புள்ளியே கிடையாது. முழு வாக்கியங்களை மக்களுக்கே திருப்பித் தருகிறார் மன்னர்!"

வெடி போட்டுக் கொண்டாடினார்கள், பாவிகள். வெள்ளையடிப்பவர்கள் வந்து பழைய வரிகளை அழித்து, எழுத்துகளை நெருக்கிப் புதிதாக எழுதினார்கள். "காளியப்பன், சங்கரமூர்த்தி ஆகியோர் நலமாக உள்ளனர்." இடைவெளி இருந்த தடமே தெரியவில்லை.

ஆவுடையம்மாள் ஓடிப்போய் அமைச்சரின் பல்லக்கை மறித்தாள்.

"அய்யா, பேரு எழுத வேண்டாம். அந்த மூணு புள்ளியயாவது திருப்பி வச்சிருங்கய்யா."

"எந்தப் புள்ளியம்மா? இந்த அரசு எதையும் விட்டதே இல்லையே."

அவள் பதறிப்போய்க் கூட்டத்தைப் பார்த்தாள். பிச்சம்மை அங்கேதான் நின்றாள்.

"ஏட்டி, நீயாவது சொல்லு. எங்க கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறுனவ நீதான?"

பிச்சம்மை அருகில் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குடத்தில் விரல் தட்டவில்லை.

"என்ன ஆவுடை, மேலுக்குச் சரியில்லையா? ஒனக்கு எப்பளா கல்யாணம் ஆச்சு?"

பொய் சொல்கிற முகமாக அது இல்லை.