குளிர்ந்த நீர், உள்ளே வரவும்

"அப்ப உங்க கிளைக்கு யாருமே வர்றதில்லையா?" என்று தொலைபேசியில் கேட்டார், தலைமை அலுவலகத்து இணை இயக்குநர் அம்மையார்.

"ஏன் மேடம், வர்றாங்களே," என்றார் கிளை அலுவலர்.

சொல்லி வைத்தாற்போல அந்த நேரத்தில் ஒருவர் உள்ளே தலையை நீட்டினார். "சார், இங்க தபாலாபீஸ் எங்க இருக்கு?"

"கேட்டுச்சு," என்றார் அம்மையார்.

மாநில வளர்ச்சி வாரியத்தின் அந்தக் கிளை ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே அலுவலரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். சிறுதொழில் செய்வோருக்கு ஆலோசனையும் பயிற்சியும் மானியமும், தெருவுக்கு ஒற்றுமையும் முன்னேற்றமும் இங்கே கிடைக்கும் என்று வாசல் பலகை சொன்னது. மூன்று வருடத்தில் பலகையை நம்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணிய பிறகும் ஒரு கை சும்மாதான் இருக்கும். தெருவில் அவரை ‘வளர்ச்சி சார்’ என்பார்கள். ஆள் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் கீழே. அந்தப் பட்டப்பெயரைச் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பை அடக்க முடிவதில்லை. சில நாள் அவருக்கே முடிவதில்லை.

"ரெண்டு வாரம் கழிச்சு நேர்ல வர்றேன். ஆள் நடமாட்டம் இருந்தா கிளை இருக்கும். இல்லேன்னா மூடிட்டு, உங்களை எல்லைப் பக்கத்துக் கிளைக்கு மாத்திடுவேன். அங்கயும் யாரும் வர்றதில்ல. உங்களுக்குப் பழக்கமா இருக்கும்."

மாற்றல் அவருக்குப் புதிதில்லை. கல்யாணமான நாள் முதல் ஊர் ஊராகப் பெட்டி கட்டி அவிழ்த்தவர்தான். ஆனால் மற்ற ஊர்களிலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பொழுதைத் தள்ளிய மனைவி, இந்த ஊரில்தான் காலையில் பாட்டு முணுமுணுக்கிறாள். சமையலறையில் நல்ல வெளிச்சம் வருவதுதான் காரணம் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த வெளிச்சத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை.

மாடிக்குப் போனார். மனைவி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன இவ்வளவு கருப்பு?"

"வாணலி தேச்சேன். ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

விஷயத்தைச் சொன்னார். அவள் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள். பிறகு, "எத்தனை பேர் வந்தா மூட மாட்டாங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நிர்வாக விஷயம். உனக்குப் புரியாது. நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே."

"சரிங்க," என்றாள். கவலைப்பட்டது போலவே தெரியவில்லை. அதுவும் அவருக்குச் சற்று வருத்தம்தான்.

மாலையில் கடைக்குப் போகக் கொல்லைப்புறத்திலிருந்து ஸ்கூட்டரை எடுக்கப் போனார். பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. அவர் மாதத்துக்கு இரண்டு தடவை எடுத்தால் அதிகம். ஆபீசுக்கு மாடிப்படி இறங்கினால் போதுமே. போன மாதம் பிரேக் தேய்ந்திருந்தது. அதற்கு முன்னால், கீழே விழுந்து எழுந்த குழந்தையின் முட்டி மாதிரி இரண்டு பக்கமும் சிராய்ப்பு. நின்ற இடத்தில் நின்றபடியே பெட்ரோல் குடிக்கிற வண்டி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அவர் பொருமினார்.

"பூனை ஏறியிருக்கும் சார்," என்றார் அலுவலக உதவியாளர். எதற்கும் ‘சரிங்க சார்’ சொல்லித் தப்பித்துக்கொள்வதால் அவருக்கு அதுவே பெயர்.

"பூனை பெட்ரோல் குடிக்குமாய்யா?"

"சரிங்க சார்."

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அவருக்கு அந்த யோசனை உதித்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற காலம். அலமாரிக்குப் பின்னால் அட்டைப்பெட்டி பிரிக்காமலே ஒரு குளிர்நீர் இயந்திரம் கிடந்தது. அதை வாசலருகே நிறுத்தி, ‘குளிர்ந்த நீர் இலவசம். உள்ளே வரவும்’ என்று எழுதி மாட்டினார். தண்ணீருக்கு வருகிறவனைத் தொழிலுக்குத் திருப்பிவிட வேண்டும், அதுதான் திட்டம்.

எழுதிய மை காய்வதற்குள் சலூன்காரர் வந்துவிட்டார். பின்னாலேயே ரொட்டிக் கடைக்காரர், இஸ்திரிக்காரம்மா, காய்கறிக்காரம்மா என்று பாதித் தெரு.

ரொட்டிக் கடைக்காரர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மார்பு குலுங்க இருமினார்.

"சளியா இருக்கே? ஜில் தண்ணி வேண்டாமே," என்றார் அலுவலர்.

"இருக்கட்டும் சார். வீட்ல ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுத்தான் வரணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க," என்று கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி இரண்டாவதையும் குடித்தார்.

என்ன தங்கமான மனுஷங்க என்று அலுவலருக்கு நெஞ்சு நிறைந்தது. "உங்க தொழிலை விரிவுபடுத்த எங்க வாரியத்துல ஒரு பயிற்சி..." என்று ஆரம்பித்தார்.

"நாளைக்கும் வர்றேன் சார்," என்று ரொட்டிக் கடைக்காரர் ஓடிவிட்டார்.

எல்லோரும் அப்படித்தான். வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். நின்று காது கொடுக்க ஆளில்லை.

உட்கார இடமிருந்தால் கேட்பார்கள் என்று அலுவலர் நாற்காலிகள் வரவழைத்தார். கூடுதலாக ஒரு மின்விசிறி. பலன் உடனே தெரிந்தது. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. சும்மா உட்கார்ந்தால் பிழைப்பு என்ன ஆவது? சலூன்காரர் கண்ணாடியும் கத்தரியுமாக வந்து ஜன்னலோரம் இடம் பிடித்தார். இஸ்திரிக்காரம்மா, திட்டங்களின் கையேடுகள் அடுக்கியிருந்த மேசையைக் காலி செய்து போர்வை விரித்தாள்.

"அம்மா, இது அரசாங்க ஆபீசு!"

"அதான் சார் சுத்தமா இருக்கு. கொஞ்சம் அந்த பிளக்கைப் போடுங்க."

அவர் போட்டார். யாராவது உரிமையோடு வேலை சொன்னால் செய்துவிடுவது அவருடைய பிறவிக் கோளாறு.

நிலைமை கைமீறுவதைப் பார்த்து மூன்றாவது யோசனை செய்தார். ‘வளர்ச்சி தொடர்பான பணிகளுக்கு மட்டும் அனுமதி’ என்று இன்னொரு பலகை.

மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்து, அதைக் கணினியின் முதுகுப் பக்கம் வைத்து ஈரத்துணியால் மூடினார்.

"என்னது இது?"

"ரொட்டி மாவு சார். கடையில சரியாப் பொங்க மாட்டேங்குது. உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல நல்ல சூடு. பலகையில எழுதியிருக்கீங்களே, வளர்ச்சிப் பணி."

"எனக்கும் அதேதான்," என்றார் சலூன்காரர், ஒரு தலையிலிருந்து கண்ணெடுக்காமல். "முடி வளர்ச்சியை நம்பித்தான் சார் என் பொழப்பே."

அலுவலர் ‘சரிங்க சார்’ முகத்தைப் பார்த்தார். அவர் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீயுமாய்யா?"

"சரிங்க சார்."

அம்மையார் வரும் நாளுக்கு முந்தின நாள், அலுவலர் நாற்காலி மேல் ஏறி நின்று கைகூப்பினார். ஏறாவிட்டால் பின்வரிசைக்குத் தெரியாது.

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நாளைக்கு ஒருத்தரும் வராதீங்க. நாலே நாலு பேர், சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, தொழிலுக்கு ஆலோசனை கேக்க வந்த மாதிரி வந்தாப் போதும்."

"ஆள் இல்லேன்னா ஆபீசை மூடிடுவாங்களே சார்?" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சட்டென்று குனிந்து ஒரு காலரை அழுத்தித் தேய்த்தாள். "சும்மா தோணுச்சு சார்."

மறுநாள் நாலு பேர் வரவில்லை. தெருவே வந்தது. வராண்டா, மாடிப்படி, கோப்பு அறை எல்லா இடத்திலும் ஆள். கையில் டம்ளர். அலுவலர் ஒரு பக்கம் வெளியே தள்ளினால் இன்னொரு பக்கம் உள்ளே வழிந்தது. "ஐயா, கிளம்புங்கய்யா!" என்று அவர் தொண்டை கட்டக் கத்திய நேரத்தில் இஸ்திரிப் பெட்டி, இரண்டு மின்விசிறி, குளிர்நீர் இயந்திரம், சலூன்காரரின் முடி வெட்டும் மெஷின் அத்தனையும் ஒன்றாக ஓட, ‘பட்’டென்று ஒரு சத்தம். மின்சாரம் போனது.

அந்த அரையிருட்டில் அம்மையார் வந்து நின்றார்.

அவர் முதலில் பார்த்தது கணினியை. ரொட்டி மாவு துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, விசைப்பலகையின் மேல் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்துப் பார்த்தது, பாதி முகம் மட்டும் சவரம் செய்யப்பட்ட ஒருவரை. அவர் எழுந்து வணக்கம் சொன்னார்.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் அம்மையார்.

"ப... பயனாளிகள், மேடம்." எல்லைப் பக்கத்துக் கிளையின் காலி அறை அலுவலரின் கண்ணுக்குள் வந்து போனது. அங்கே சமையலறையில் வெளிச்சம் இருக்குமா?

தெருவே குடித்துக் குளிர்ச்சி தீர்ந்துபோயிருந்த இயந்திரத்தில் அம்மையார் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து உதட்டில் வைத்தார். "வெந்நீரா இருக்கே!"

"எங்களுக்கு இப்படித்தான் மேடம் பிடிக்கும்," என்று தெரு ஒரே குரலில் சொல்லி, டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டது.

கொல்லைப்புறத் திடலிலிருந்து ‘டொக்’கென்று ஏதோ இடிக்கும் ஓசை. தொடர்ந்து பெண்களின் சிரிப்பு.

"அங்க என்ன சத்தம்?"

"பூனை மேடம்," என்றார் ‘சரிங்க சார்’.

அம்மையார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இஸ்திரிக்காரம்மாவிடம் திரும்பினார். "இந்த ஆபீசால உனக்கு என்னம்மா ஆச்சு? நிஜத்தைச் சொல்லு."

"முன்னாடி இந்த ஒரு தெருவுலதான் துணி எடுப்பேன் மேடம். இப்ப பத்துத் தெரு. கூடமாட ரெண்டு பொண்ணுங்களை வேலைக்கு வெச்சிருக்கேன்."

அலுவலருக்கு வியர்த்தது. தனக்காக இப்படியா புளுகுவது?

"நான் வேன்காரன் எப்ப வருவான்னு காத்துக்கிட்டுக் கிடப்பேன்," என்றாள் காய்கறிக்காரம்மா. "இப்ப விடியறதுக்குள்ள நானே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன். எவன் தயவும் வேணாம்."

"எங்க வீட்டுக்காரி கல்யாண வீடுகளுக்குப் பொண்ணு அலங்காரத்துக்குப் போறா," என்றார் சலூன்காரர். "எனக்கு மேல சம்பாதிக்கிறா மேடம். எல்லாம் சார் வீட்டுப் புண்ணியம்."

கூட்டம் தலையாட்டியது. அலுவலர் தரையைப் பார்த்தார். தரையில் மாவு அவர் செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அம்மையார் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, அவர் வேலையில் சேர்ந்த பிறகு யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. சிரித்தார்.

"எங்க வாரியத்துல எத்தனையோ கிளை இருக்கு. எல்லாம் பளபளன்னு இருக்கும், ஈ காக்கா இருக்காது. நீங்க ஒரு தண்ணி மெஷினை வெச்சே ஒரு தெருவை நிமித்திட்டீங்க. கிளை இருக்கும். நீங்களும் இருங்க." வாசலில் நின்று திரும்பினார். "எல்லாக் கிளைக்கும் தண்ணி மெஷின் அனுப்பச் சொல்லப் போறேன்."

கார் தெருமுனை திரும்பியதும் விசில் பறந்தது. அலுவலரைத் தூக்கிச் சுற்றினார்கள். அதற்கு வாகான உடம்பு. இறக்கிவிட்டதும் டம்ளர்களை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரொட்டிக் கடைக்காரர் கணினியிலிருந்து முடிந்தவரை மாவை வழித்து எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் காலி. மாடியில் மனைவியின் பாட்டு, இன்றைக்கு முணுமுணுப்பாக இல்லாமல் வாய்விட்டே கேட்டது. வெளிச்சம் தப்பியது என்று அலுவலர் நினைத்துக்கொண்டார். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியும் கொண்டார். ஒரு மாநிலத்துக்கே வழிகாட்டிய யோசனை அல்லவா.

கடைசியாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் இஸ்திரிக்காரம்மாதான்.

"ஏம்மா, எனக்காகத்தான் சொன்னே, மறக்க மாட்டேன்," என்றார் அலுவலர். "அதுக்காகப் பத்துத் தெருவா? அந்தம்மா மடக்கிக் கேட்டிருந்தா? இவ்வளவு பெரிய மூட்டையைச் சுமந்துக்கிட்டுப் பத்துத் தெரு யாராலம்மா நடக்க முடியும்?"

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்ற வேறொரு பழைய ஸ்கூட்டரின் பின்னால் அதை வைத்துக் கயிற்றால் இறுக்கினாள். புடவையை ஒரு செருகு செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரே அமுக்கில் உறுமியது.

"நடக்கறது யாரு சார்? மாடி வீட்டு அக்கா உங்க வண்டியில கத்துக் குடுத்துத்தான் பாதித் தெருப் பொம்பளைங்க ஓட்டறோம். மீதிப் பேருக்கு இன்னும் பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னே பிடிபடலை. இந்த நேரத்துல நீங்க மாத்தலாகி அக்காவையும் வண்டியையும் கூட்டிட்டுப் போயிட்டா எங்க கதி என்ன ஆவறது? அதான் சார், ஒருத்தருக்கும் தாகமே இல்லாம இத்தனை நாளா அத்தனை தண்ணியும் குடிச்சோம்!"