கேப்டன் அண்ணனும் கடலோரச் சாலையும்

உலகத்தைப் படைக்கத் தொடங்கும் முன் ஆண்டவர் எங்கள் கேப்டன் அண்ணனிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டிருந்தால், இன்றைக்கும் இருட்டுதான் இருந்திருக்கும். வெளிச்சத்தை முதலில் போடுவதா, தண்ணீரை முதலில் பிரிப்பதா என்று அண்ணன் ஒரு கூட்டம் போட்டிருப்பார். அந்தக் கூட்டத்துக்கு யார் சாயா வாங்கி வருவது என்று முடிவு செய்ய இன்னொரு கூட்டம்.

கேப்டன் என்றதும் கப்பலை நினைக்க வேண்டாம். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பராமரிக்கும் எங்கள் அலுவலகத்தில் அவர் ஸ்டோர்கீப்பர். நான் அங்கே கணக்குப் பிரிவு. வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், வந்ததும் செய்த முதல் காரியம், தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கியது. கூட்டமாக வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு முன்னால் போகிறவனை ‘ரோடு கேப்டன்’ என்பார்களாம். யாரும் கேட்காமலேயே அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டார். பின்னால் வர ஆள் இல்லை, போக வழி இல்லை; கேப்டன் மட்டும் ரெடி.

பிறகு ஆள் சேர்த்தார். டெக்னீசியன் ஜெஸ்டின், இன்னும் சில பையன்கள், நான். காற்று சீசன் முடிந்து வேலை குறைந்ததும், ஒரு சனி ஞாயிறு கன்னியாகுமரியில் கிளம்பி, கடலை இடது பக்கம் விடாமல் வைத்துக்கொண்டே, கேரள எல்லையில் இருக்கும் நீரோடி வரை போய் வருவது. இவ்வளவுதான் திட்டம். எங்கள் மாவட்டம் ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் ‘நூறு’ என்று சொல்லும் அளவுதான் பெரிது. இதற்குப் போய் வர ஒருவனுக்குத் தேவை பெட்ரோலும் ஒரு துண்டும்.

அண்ணனுக்கு அது போதாது. ஸ்டோர் ரூம் மேசையில் ஒரு நைலான் கயிற்றை வளைத்துப் போட்டார். அது கடற்கரை. அதன் ஓரமாக நட்டுகளை வைத்தார். அவை ஊர்கள். பெரிய நட்டு கொளச்சல், சின்ன நட்டு முட்டம், கிரீஸ் டப்பா தேங்காய்ப்பட்டணம் துறைமுகம். வாரக்கணக்கில் அந்தக் கடற்கரை மேசையில் கிடந்தது. ஒரு நாள் காலையில் அலுவலகமே அதிர்ந்தது.

“மணவாளக்குறிச்சியை எவன்லே எடுத்தான்?”

ஜெஸ்டின் தலையைச் சொறிந்தான். “அண்ணே, மேல மெஷின்ல ஒரு நட்டு கொறஞ்சுது. அதான்...”

“ஒரு ஊரைத் தூக்கி மெஷின்ல மாட்டியிருக்க! அப்போ முட்டத்துல இருந்து நேரே மண்டைக்காட்டுக்குச் சாடணுமா?”

அந்த வருடம் பயணம் தள்ளிப்போனது. காரணம், மணவாளக்குறிச்சி.

அடுத்த வருடம் சைகைப் பயிற்சி. இடது கையைத் தாழ்த்தினால் ‘மெதுவாக’, வளைத்தால் ‘உள்ளே திரும்பு’. அலுவலக வாசலில் நின்று அண்ணன் கையை வளைத்துக் காட்ட, செங்கல் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று மரியாதையாக எங்கள் கேட்டுக்குள் திரும்பிவிட்டது. டிரைவர் இறங்கி, “எங்க சார் இறக்கணும்?” என்று கேட்டார். அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் எங்கள் மேலாளருக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, அந்தப் பயணமும் நின்றது.

அண்ணனுக்கு டைப் அடிக்க வராது. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அதுவும் எதிரில் ஆள் இருப்பதுபோல. “ஹலோ... ஹலோ... கேக்குதா?” என்று பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, தொண்டையைச் செருமிவிட்டு, பிறகு தொடங்குவார். யார் எந்த இடத்தில் வண்டி ஓட்டுவது, யார் எங்கே எதைத் தின்னக் கூடாது. என் ஸ்கூட்டரை மட்டும் அவர் கடைசிவரை வண்டியாக ஏற்கவில்லை. “மோளே, நீ அந்தக் கூடையைக் கொண்டு நடுவுல வா” என்பார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த மாவட்டத்துக் கடலை நான் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போகிற கார் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவள். எப்போதும் யாருக்காவது பின்னால் உட்கார்ந்தே போனவள். நானே ஓட்டிக்கொண்டு கடலோரமாகப் போகவேண்டும் என்பது எனக்கு விளையாட்டு ஆசை இல்லை. ஒவ்வொரு தடவையும் மாமியாரிடம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்து, தோசைமாவு அரைத்து வைத்துவிட்டு நிற்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘ஹலோ ஹலோ’ வரும். பயணம் ரத்து. வீட்டில் என் கணவர், “உங்க கேப்டன் கப்பல் இன்னும் கரையிலதானா?” என்று கேட்பார். அந்தச் சிரிப்பை விழுங்குவது எவ்வளவு கசப்பு என்று கேப்டனுக்குத் தெரியாது.

ஒருவழியாகப் போன தை மாதம் கிளம்பினோம். அண்ணன் மனம் மாறிவிட்டார் என்று இல்லை. ஜெஸ்டின் கயிற்றைச் சுருட்டி எங்கேயோ ஒளித்துவிட்டான்.

கன்னியாகுமரியில் விடியும்போது புறப்பட்டு, மணக்குடிப் பாலத்தில் நின்று, பள்ளம் என்ற ஊரில் சாயா குடித்து, முட்டத்தில் பாறைமேல் உட்கார்ந்தோம். நடுநடுவே அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, எல்லோரும் வருகிறோமா என்று பார்த்து, ஒவ்வொருவரையும் ஏதாவது ஒன்றுக்குத் திட்டினார். என்னை ஹாரன் அடித்ததற்குத் திட்டினார், பிறகு அடிக்காததற்கு. ஆனாலும் காற்று முகத்தில் அடித்தது, இடது பக்கம் கடல் கூடவே வந்தது, நான் யாருக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. கொளச்சலில் மீன்சாப்பாடு சாப்பிடும்போது, இந்த மனுஷனை மன்னித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கொளச்சலுக்கு மேற்கே அவர் கடலை விட்டு உள்ளே கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் திரும்பி, தேங்காய்ப்பட்டணத்தில் மறுபடி கரைக்கு வருவதாக வழி போட்டிருந்தார். நடுவில் விட்டுப்போகும் ஊர்களில் ஒன்று அவருடைய சொந்த ஊர். அங்கே அவருடைய கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, இவர் நாகர்கோவிலில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

கருங்கல் சாலையில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். சிவப்புத் துணியோடு நின்றவர், “பைப்பு போடுகு. கடக்கரை வழியா போங்க” என்றார்.

அண்ணன் வண்டியை நிறுத்தினார். “ரிட்டன். வீட்டுக்குப் போலாம்.”

“அண்ணே, ஊருக்குள்ள கூடிப் போனா அஞ்சு நிமிசம்” என்றான் ஜெஸ்டின்.

“ரிட்டன்னு சொன்னேன்.”

எனக்கு வந்த கோபத்தில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக்கூட மறந்துபோனது. ஜெஸ்டின் ஓடிவந்து பிடித்தான். “உங்களுக்கு உங்க ஊரு பிடிக்கலன்னா நீங்க திரும்புங்க அண்ணே. நாங்க எதுக்குத் திரும்பணும்? எத்தனை தடவை நான் வீட்டுல சொல்லிட்டு வந்து தலை குனிஞ்சு நிக்க?”

அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, கடற்கரை வழியில் வண்டியைத் திருப்பினார்.

அவ்வளவு மெதுவாக அந்த வண்டி ஓடி நான் பார்த்ததில்லை. கோவில் தாண்டி, வலை உலர்த்தியிருந்த வீடுகளின் வரிசையில், ஒரு பெரியவர் நடு ரோட்டில் வந்து நின்றார். கேப்டன் அண்ணனின் அதே நெற்றி, அதே காது. தலையில் மட்டும் முழுக்க நரை.

“ஹெல்மெட்டைக் கழத்துலே.”

கழற்றினார். பெரியவர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, “வெயில்ல நிக்காதீங்க, வாங்க மக்களே” என்று வீட்டு முற்றத்துக்கு அழைத்தார். அவர் மனைவி ஒரு தட்டில் சாயா கொண்டுவந்தார். நான் எடுத்தேன், ஜெஸ்டின் எடுத்தான், மற்றவர்கள் எடுத்தார்கள். கேப்டன் அண்ணன் கையை நீட்டியபோது தட்டில் ஒன்றும் இல்லை. நீட்டிய கையை அப்படியே கொண்டுபோய் தன் வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“இவன் கல்ஃப்ல இருந்தப்போ, அம்மை செத்துக் கெடக்கா” என்று பெரியவர் என்னிடம் சொன்னார், தம்பியைப் பார்க்காமல். “வாலேன்னு இவனுக்குப் போன் அடிச்சேன். எடுக்கல. பொறவு ஒண்ணு அனுப்பினான். என்ன தெரியுமா மோளே? பிளான்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஹலோ... ஹலோ... கேக்குதா? அண்ணே, நாற்காலியை நடைக்கு வெளிய கெழக்க பாத்துப் போடு. வாறவங்களுக்குக் குடிக்க வெள்ளம் குடுக்க ரெண்டு ஆளை நிறுத்து. வேனைக் கோவில் பக்கம் விடாதே, திருப்ப எடம் இருக்காது.”

அச்சு அசலாக அதே குரல். ஜெஸ்டினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சாயாவைக் குடித்து அடக்கினான்.

“கொடுமை என்னன்னா, அவன் சொன்னது எல்லாம் சரியா இருந்துது. வேனு கோவில் பக்கம் போயி மாட்டிக்கிச்சு. அதான் எனக்க கோவம் அடங்க மாட்டேங்குது.”

“பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கையில அண்ணே” என்றார் கேப்டன். “என்னை விடல.”

“விடலன்னு ஒரு வார்த்தை சொன்னியாலே? நாற்காலியைப் பத்திச் சொன்ன.”

எத்தனையோ விஷயத்துக்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தவர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நாங்களும் பாதிச் சாயாவோடு எழுந்தோம்.

தேங்காய்ப்பட்டணத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது நான் கேட்டேன். “ஏன் அண்ணே சொல்லல?”

“நாலஞ்சு தடவை மெசேஜ்ல பேசிப் பாத்தேன் மோளே. அம்மைன்னு தொடங்கினா அழுகதான் வருகு. அண்ணனுக்கு ஒண்ணும் புரியாது. நாற்காலின்னு தொடங்கினேன், சொல்ல முடிஞ்சுது.”

நாங்கள் நீரோடிக்குப் போகவில்லை. அங்கிருந்தே திரும்பினோம். வரும் வழியில் அவர் எங்கேயும் நிற்கவில்லை, யாரையும் திட்டவுமில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு மறுபடியும் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்த அதே நாட்டுக்கு! அந்த மோட்டார் சைக்கிளையும் யாரிடமோ தள்ளிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கூடப்பிறந்த அண்ணன் வீட்டு வாசலில் இன்னொரு தடவை போய் நிற்பதைவிட, கடல் தாண்டிப் போவது அவருக்கு லேசாகப் பட்டிருக்கிறது.

போன வாரம் கொளச்சல் சந்தையில் அந்தப் பெரியவரின் மனைவியை, கேப்டன் அண்ணனின் மயினியைப் பார்த்தேன். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணைக்கு அவனுக்கும் சாயா ஊத்திதான் வச்சேன் மோளே. தட்டுல வைக்கப் போகும்போ இவரு ஒரு பார்வை பாத்தாரு. அடுப்படியிலேயே ஆறிப்போச்சு.”

அன்று சாயங்காலமே கேப்டன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“சீனி போட்டிருந்தாளா?” என்றார்.

“அதெல்லாம் நான் கேக்கலண்ணே.”

“எனக்குச் சீனி ஆகாதுன்னு மயினிக்குத் தெரியும். போடாம வச்சிருந்தாளான்னுதான்... நீ கேட்டிருக்கணும் மோளே.”

இந்தச் சனிக்கிழமை, அதைக் கேட்பதற்காகவே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொளச்சல் போகிறேன்.