சென்னையில் மூன்று நாள் மீட்டிங்

"கொழும்புப் பக்கம் கடல் சரியில்ல. இன்னைக்குக் கப்பல் தூத்துக்குடியிலதான் நிக்கும். வெளிய ரெண்டு பஸ் ரெடியா இருக்கு. எல்லாரும் குற்றாலம் போறோம். சாரல் பிச்சு உதறுதாம்!"

வழிகாட்டிப் பெண் கிறிஸ்டி மைக்கில் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். அறைக்குள் படுத்தபடி அதைக் கேட்ட சந்தோஷ்குமார் மட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

தென்காசியில் பெயின்ட் கடை வைத்திருப்பவர் அவர். நன்றாக விற்றதற்காகக் கம்பெனி இரண்டு கப்பல் டிக்கெட் கொடுத்தது. ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை டிராவல்ஸ் யாசரிடம் தள்ளிவிட்டார். "யார் தலையிலயாவது கட்டிரு. வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது."

வீட்டில் சொன்னது, சென்னையில் மூன்று நாள் மீட்டிங். கல்யாணமான நாளிலிருந்து கப்பல், கப்பல் என்று கேட்டுக்கொண்டிருப்பவள் அவர் மனைவி இசக்கிசெல்வி. "கடல் எனக்கு ஆகாது" என்று தட்டிக்கழித்தவர் இவர். போன தடவை பொய் பிடிபட்டபோதே, "இன்னொரு பொய் சொன்னீய, செங்கோட்டையில எங்கம்மா வீட்டோட இருந்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். இந்த மூன்று நாளும்கூட அங்கேதான் இருப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

கப்பலில் ஏறியபிறகுதான் தெரிந்தது, கடல் நிஜமாகவே ஆகவில்லை. இரவு முழுக்க வாந்தி. அறையை விட்டு அவர் வெளியே வரவே இல்லை.

"எனக்கு வயித்துவலிம்மா. நான் கப்பல்லயே கிடக்கேன்" என்றார், கூப்பிட வந்த கிறிஸ்டியிடம்.

"அப்போ டாக்டரைக் கூப்பிடுறேன் சார். வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிருவோம்."

வயிற்றுவலி அந்த நொடியே போய்விட்டது.

முதல் பஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது. இரண்டாவதில் கடைசி சீட்டில், துண்டால் முக்காடு போட்டு உட்கார்ந்தார். தூரத்தில் தென்காசிக் கோபுரம் தெரிந்ததும் மெல்ல நழுவி சீட்டுக்கு அடியில் போய்விட்டார்.

"ஐயோ, இவரு மயங்கிட்டாரு!" என்று பக்கத்து சீட்டுக்காரர் கத்தினார். கிறிஸ்டி பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னாள். ஊரில் எத்தனையோ கடை இருக்க, பஸ் போய் நின்றது சந்தோஷ்குமார் பெயின்ட்ஸ் வாசலில்.

சோடாவோடு ஏறி வந்தவர் மாடக்கண்ணு. அவர் கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறவர்.

"அண்ணாச்சி, மூஞ்சிய மூடாதீய. காத்து வேணும்லா!" என்று துண்டைப் பிடித்து இழுத்தார்.

சந்தோஷ்குமார் மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அலறியது.

"எங்க மொதலாளி போன் மாதிரியே அடிக்கே!" மாடக்கண்ணு குனிந்து பார்க்கப் போனார்.

"நேரமாச்சு, இறங்குங்க அண்ணாச்சி" என்று கிறிஸ்டி அவரை இறக்கிவிட்டாள். பஸ் நகர்ந்தது. சந்தோஷ்குமாருக்கு உயிர் திரும்பி வந்தது. மறுபடி அடித்த போனைப் பார்த்தார். வந்த உயிர் போய்விட்டது.

இசக்கிசெல்வி.

"மீட்டிங் எப்படிப் போவுது?" பின்னால் ஒரே இரைச்சல்.

"ந... நல்லாப் போவுது. அங்கன என்ன சத்தம்?"

"அம்மா கிரைண்டர் போட்டிருக்கா. வச்சிருதேன்."

வீடியோவில் கூப்பிடாமல் விட்டாளே, அதுவரை புண்ணியம் என்று நினைத்துக்கொண்டார்.

குற்றாலத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் அசையவில்லை. கிறிஸ்டி முழங்காலிட்டு, சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"வெளிய வாங்க சார். தென்காசியைக் கண்டாலே எல்லாருக்கும் என்னதான் ஆகுதோ! முதல் பஸ்லயும் ஒரு அக்கா இப்படித்தான் சீட்டுக்கு அடியில பூந்துட்டாங்களாம். புருஷன்கிட்ட அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, யாரோ யாசர்கிட்ட பாதி விலைக்கு டிக்கெட் வாங்கி வந்தவங்களாம்."