கல்லெடுத்த கொல்லை

கடப்பாரையை விட்டு நெம்பியதும் கல் லேசாக அசைந்தது. கூடவே துணி காயப்போடும் கம்பமும் அசைந்தது. நெவில் இரண்டையும் முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் நெம்பினார். கம்பம் சாய்ந்து விழுந்தது. கல் அப்படியே இருந்தது.

மகள் கிர்ஸ்டிக்கு அடுத்த மார்ச்சில் கல்யாணம். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், "நம்ம வீட்டுக் கொல்லையில வச்சுக்கத்தான் எனக்கும் ஆசைப்பா. ஆனா இந்தக் கல்லுல வர்றவங்க எப்படி நிப்பாங்க? புல்தரை மட்டும் இருந்திருந்தா இங்கேயே வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இல்லாவிட்டால் நெல்சன் ஊரில், அவள் அம்மாவுடைய இரண்டாம் புருஷனின் திராட்சைத் தோட்டத்தில்தான். பெண்டாட்டிதான் அந்த ஆளோடு போனாள், மகள் கல்யாணமுமா அங்கே போக வேண்டும்? உயிரே போனாலும் விடுவதில்லை என்று நெவில் முடிவு கட்டினார்.

அறுபத்து மூன்று வயதில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் கிடைக்கிற ஐந்து மணி நேரமும் குனிந்து கல் பொறுக்கினார். கேண்டர்பரியில் ஆறு ஒரு காலத்தில் புரண்டு ஓடிய நிலம் அது. ஆறு தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது, கல்லை மட்டும் இவர் தலையில் கட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு ட்ரெவர் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "தோண்டாதேப்பா. மேலாப்புல கிடக்கறதை வாரிட்டு, நல்ல மண்ணா கொட்டிப் பரப்பு. தோண்டினா வந்துக்கிட்டேதான் இருக்கும்."

நெவிலுக்கு யோசனை சொன்னாலே ஆகாது. சொல்வது சரியான யோசனை என்றால் சுத்தமாக ஆகாது. மறுநாளே உழுகிற மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தார். அது அடியில் நிம்மதியாகக் கிடந்த கல்லையெல்லாம் மேலே கொண்டுவந்து போட்டது. போகிற போக்கில் தண்ணீர்க் குழாயையும் அறுத்தது. இரண்டு நாள் ட்ரெவர் வீட்டில்தான் குளியல்.

கல்லையெல்லாம் வாரி வீட்டு வாசலில் குவித்ததில் தபால்பெட்டி மறைந்துபோனது. கொல்லையோ முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. அதை மறந்து, வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து காலை வைத்தவர் குப்புற விழுந்தார். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது.

விஷயம் தெரிந்து கிர்ஸ்டி போன் செய்தாள். "விட்ருங்கப்பா. கல்யாணம் எங்கே நடந்தா என்ன? ஒடம்பைக் கெடுத்துக்காதீங்க."

நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகளுக்கு என்மேல் எத்தனை அக்கறை பார் என்று நொண்டிக்கொண்டே போய் ட்ரெவரிடம் சொன்னார்.

அக்டோபரில் ஒரு லாரி மண் கொட்டிப் பரப்பினார். மறுநாள் அந்தப் பாழாய்ப்போன வடமேற்குக் காற்று அடித்தது. பாதி மண் ட்ரெவர் மனைவியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் போய் உட்கார்ந்தது. விரிப்புகளை இவரே துவைத்துக் கொடுத்தும் அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு லாரி மண் வந்தது. விதை தூவினார், குருவிகள் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டன. படுக்கையறைத் திரைகளைக் கழற்றி மண்மேல் மூடிவிட்டு, தெருவே பார்க்க உடை மாற்றிக்கொண்டார். பயத்தில் தண்ணீரை அதிகமாக விட்டதில் மிச்ச விதை மிதந்து ஒரு மூலைக்குப் போய் அங்கே மட்டும் மொசமொசவென்று முளைத்தது. மற்ற இடமெல்லாம் வழுக்கை. மறுபடி தூவினார். வேளா வேளைக்குப் பூவாளியால் தெளித்தார்.

ஒருநாள் கொல்லை முழுக்கப் பச்சை தட்டியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தார். புல்தான்.

உடனே மகளைக் கூப்பிட்டார். "மொளைச்சிடுச்சும்மா! பத்திரிகையில நம்ம வீட்டு விலாசத்தைப் போட்டுடு."

நேரில் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் குழந்தைக்குப் பேச்சே வரவில்லை என்று நெவில் நினைத்துக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரம் கிர்ஸ்டி வந்தாள், கட்டிக்கொள்ளப்போகிற கேலமும் கூட வந்தான். நெவில் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். பின்கதவைத் திறந்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, புல்லில் இறங்கி நடுவில் போய் நின்றார்.

"நூத்திருபது நாற்காலி தாராளமா போடலாம்மா. கயிறு பிடிச்சு அளந்துட்டேன். நீ இந்தக் கதவு வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வரணும், அவ்வளவுதான்."

கிர்ஸ்டி கதவருகிலேயே நின்றாள். "ரொம்ப அழகா இருக்குப்பா" என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கேலம் நல்ல பையன், மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அவன் புல்லில் இறங்கி உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்தான். பிறகு கலவரத்தோடு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்தக் கல்லுல புல்லு மொளைக்கவே மொளைக்காது, அப்பா மனசும் நோகாம நெல்சன்லயே வச்சுக்கலாம்னு நீதானே சொன்ன, கிர்ஸ்டி?"